பகா எண் வரும் வரை

"ஏங்க... அது பிரைம் நம்பர் இல்ல."

காதருகே கேட்ட குரலில் செந்தாமரை திடுக்கிட்டாள். மடியிலிருந்த நோட்டைச் சட்டென்று மூடினாள்.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடை. மதியம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்து ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டவர்களெல்லாம் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஒண்டியிருந்தார்கள். கடைக்காரர் போட்ட பிளாஸ்டிக் ஸ்டூலில் அவள் மட்டும் உலகத்தை மறந்து எழுதிக்கொண்டிருந்தாள்... இந்தக் குரல் கேட்கும் வரை.

நிமிர்ந்து பார்த்தாள். சாம்பல் நிற யூனிஃபார்ம். நெற்றியில் ஒட்டிய ஈர முடி. கையில் டீ கிளாஸ். அந்தக் கண்கள் மட்டும், மன்னிப்புக் கேட்பதா இல்லை இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தன.

"இன்னா?" என்றாள். கோபம் வந்தால் அவளுக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"முந்நூத்தி எழுவத்தேழுங்க. பிரைம்னு வட்டம் போட்டுட்டீங்க. அது பதிமூணு இன்ட்டு இருவத்தொம்பது..."

"அடுத்தவங்க நோட்ட எட்டிப் பாக்கறது இன்னா பழக்கம்?"

"பாக்கணும்னு பாக்கல. கண்ணுல பட்டுட்டு."

"பட்டா சும்மா இருக்கணும்!"

"இருந்துருப்பேன். தப்பா இருந்துதா... இருக்க முடியல."

பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செந்தாமரைக்கு முகம் சிவந்தது. நல்லவேளை, ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்தது. மழையிலேயே ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும், வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு பெருக்கிப் பார்த்தது. பதிமூணு முப்பது முந்நூற்றுத் தொண்ணூறு... அதில் ஒரு பதிமூணு போனால்...

ஐயோ. முந்நூற்று எழுபத்தேழேதான்!

வெளியே பார்த்தாள். அவன் மழையில் பஸ்ஸை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தான். கையில் பச்சைக் குடை. அவளுடைய குடை! ஸ்டூலுக்குக் கீழே மறந்துவிட்டு வந்திருந்தாள். பஸ் நகர்ந்துவிட்டது. அவன் நடு மழையில், குடையை விரிக்கத் தோன்றாமல், கையில் பிடித்தபடியே நின்றான்.

சேரப்பணஞ்சேரி போய்ச் சேரும் வரை அவளுக்கு அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. மக்கு... கையில குடையை வெச்சிக்கினு நனையறான் பாரு...

*

மறுநாள் கம்பெனி பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. ஏன் ஏறவில்லை என்று தோழி சௌந்தர்யா கேட்டபோது, "குடை வாங்கணும்" என்றாள். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

அவன் அங்கேதான் நின்றிருந்தான். குடையை நன்றாகக் காயவைத்து, மடிப்புக் கலையாமல் கட்டிக் கொண்டுவந்திருந்தான்.

"இந்தாங்க."

"தேங்க்ஸ்." இரண்டடி நடந்தவள் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே, "நேத்து நீங்க சொன்னது... சரிதான்" என்றாள்.

"தெரியும்."

இந்தத் திமிர் இருக்கே! "கால்குலேட்டரா நீங்க? பாத்தவொடனே எப்படித் தெரியும்?"

அவன் சிரித்தான். "எனக்கு அந்த ஒண்ணுதாங்க தெரியும். நான் இருங்காட்டுக்கோட்டையில கியர் செய்யுத கம்பெனியில இருக்கேன். எங்க லைன்ல ஒரு ஜோடி ஓடுது. சின்ன சக்கரத்துல பதிமூணு பல்லு, பெரிசுல இருவத்தொம்பது. இன்னைக்கு மோதுன பல்லு ரெண்டும் திரும்ப மோதணும்னா முந்நூத்தி எழுவத்தேழு பல்லு தாண்டணும். அதுக்குள்ள எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் ஒருக்கா பாத்துரும். தேய்மானம் சீரா இருக்கும். அதுக்குத்தான் பொதுக் காரணி இல்லாம போடுதது."

மூன்று வருஷம் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவளுக்குக் காரணிகள் கறுப்பு எண்ணெயில் ஊறி, இரும்பில் சுற்றும் என்று யாரும் சொன்னதில்லை.

"உங்க பேரு?"

"மாசானம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. எங்க ஊருல சாமி பேரு. திருநெல்வேலிப் பக்கம் வந்து சிரிச்சீங்கன்னா சாமி சும்மா விடாது."

"நான் எதுக்கு உங்க ஊருக்கு வரப்போறேன்?"

கேட்ட பிறகுதான், கேட்டதில் ஏதோ இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் உறைத்தது. இரண்டு பேரும் சாலையைப் பார்த்தார்கள். ஒரு டிரெய்லர் லாரி நிறையப் புதுக் கார்கள் போய்க்கொண்டிருந்தன.

"அந்த நோட்டுல... என்ன எழுதுதீங்க?" என்றான் மெதுவாக.

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அப்பா ஜெகநாதனுக்குக் காலில் ஆபரேஷன் ஆன வருஷம், எம்.எஸ்ஸி. ஆசையை மடித்து வைத்துவிட்டு செல்போன் கம்பெனியின் டெஸ்டிங் லைனுக்கு வந்தவள் அவள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பச்சை விளக்கா சிவப்பு விளக்கா என்று பார்க்கும் வேலை. அந்த எட்டு மணி நேரமும் மனசுக்குள் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

"ஒரு எண் எடுத்துக்குங்க. எட்டு. அதோட பகாக் காரணிங்க ரெண்டு, ரெண்டு, ரெண்டு. கூட்டுனா ஆறு. அத எட்டோடயே சேருங்க. பதினாலு. பதினாலுக்கு ரெண்டும் ஏழும். ஒன்பது. சேத்தா இருவத்துமூணு. அது பகா எண். அங்க நிறுத்திடணும். ரெண்டே அடியில போய்ச் சேந்துடுச்சி. இதே மாதிரி ஒவ்வொரு எண்ணும் எத்தினி அடியில பகா எண்ணாண்ட போவுதுன்னு வரிசையா எழுதறேன்."

"அப்போ முந்நூத்தி எழுவத்தேழு..."

"முந்நூத்தி அறுவதுல இருந்து வந்தது. நின்னுடுச்சின்னு வட்டம் போட்டேன். நிக்கல. இன்னும் பதிமூணும் இருவத்தொம்பதும் சேக்கணும். நானூத்திப் பத்தொன்பது. அதுதான் பகா எண்."

"எல்லா நம்பரும் கடைசியில போய்ச் சேந்துருமா?"

அவள் நிமிர்ந்தாள். கண்கள் பளபளத்தன. "அதுதான் எனக்கும் தெரியல..."

அந்தக் கண்களை மாசானம் பார்த்தான். பிறகு அவனுக்கு அன்றைக்கு எந்த பஸ்ஸும் கண்ணில் படவில்லை.

*

கார்த்திகை போய், மார்கழி போய், தை வந்தது. வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள்... பஸ் வரும் வரைக்கும் பத்து நிமிஷம். ஒரு டீ, அவளுக்குச் சர்க்கரை கம்மி. ஃபோன் நம்பரைத் தவிர ஒருவரையொருவர் வேறெதுவும் கேட்டுக்கொண்டதில்லை. நோட்டைத்தான் பேசினார்கள். ஆனாலும் மாசானம் இரண்டாம் ஷிப்டுக்கு மாறிய வாரங்களில் அவளுக்கு டீ கசந்தது.

மாசி மாதம் ஒருநாள் அவள் படபடவென்று வந்தாள்.

"இன்டர்நெட்டுல ஒரு தொகுப்பு கீதுங்க. உலகத்துல யாரு புதுசா எண் தொடர் கண்டுபுடிச்சாலும் அதுல சேக்கலாம். பேரோட போடுவாங்க! நான் அனுப்பப் போறேன்."

அன்று மாலை, அறையில் உட்கார்ந்து மாசானம் ஃபோனில் அந்தத் தொகுப்பைத் திறந்தான். அவள் நோட்டில் பார்த்த முதல் பத்து எண்களைத் தட்டினான். அவள் பெயர் வரப்போகிற இடத்தை முன்கூட்டியே பார்க்கும் ஆசை, அவ்வளவுதான்.

தொடர் அங்கே இருந்தது. அப்படியே, எண்ணுக்கு எண். வருஷக்கணக்குக்கு முன்னாலேயே எந்த நாட்டிலிருந்தோ யாரோ ஒருவர் சேர்த்திருந்தார்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்...

மறுநாள் அவள் தலையில் மல்லிகையோடு வந்தாள். "முதமுதல்ல என் பேரு அச்சுல வரப்போவுது" என்று சொல்லும்போது குரல் கம்மியது. அவன் வாயைத் திறந்தான். "நல்லா வரும்ங்க" என்று மட்டும் வந்தது. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. அதற்குள் அவள் அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான, சின்னப் பதில்தான். ஏற்கெனவே இருக்கிறது, அதனால் சேர்க்க இயலாது.

செந்தாமரை ஃபோனை அவனிடம் நீட்டினாள். அழவில்லை. அழுகையை முழுங்கி முழுங்கிக் கண் சிவந்திருந்தது. அவன் படிப்பதுபோல் குனிந்தான். ஆனால் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை. நடிக்கவும் தெரியவில்லை.

அவள் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா?"

அவன் ஃபோனை அவளிடமே திருப்பி நீட்டினான்.

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். நீங்க அனுப்புததுக்கு முந்தியே."

"ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க..."

"பாவம்னு நெனச்சீங்க. லைன்ல வேல பாக்கற பொண்ணு, இன்னாத்தையோ கிறுக்கிக்கினு கீது, போவட்டும்னு விட்டுட்டீங்க! அன்னிக்கி யாருன்னே தெரியாதவ கிட்ட, தப்பா இருந்தா சும்மா இருக்க முடியலன்னு சொன்ன ஆளுதானே நீங்க? தெரிஞ்சவளா ஆனதும் பொய்யி வந்துடுச்சா?"

"செந்தாமரை..."

அவள் திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்தாள். ராத்திரிக்குள் அவன் நம்பரை பிளாக் செய்துவிட்டாள்.

*

பங்குனி, சித்திரை, வைகாசி. தினமும் கம்பெனி பஸ்ஸிலேயே போனாள். சுங்குவார்சத்திரம் டீக்கடை வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள்.

நோட்டைத் தூக்கிப்போட நினைத்தாள். முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொகுப்பில் தன்னுடைய தொடரை, தன்னுடையது அல்லாத அந்தத் தொடரை, மறுபடி திறந்து பார்த்தாள். சேர்த்தவரின் பெயரை நிதானமாக எழுத்துக் கூட்டினாள். எங்கேயோ, எந்தக் குளிரிலோ, யாரோ ஒருத்தர் இதே மாதிரி எட்டிலிருந்து பதினாலுக்கும், பதினாலிலிருந்து இருபத்துமூன்றுக்கும் நடந்திருக்கிறார்... முதல்முறையாக அவமானமாக இல்லை. துணை கிடைத்த மாதிரி இருந்தது.

அன்றே புதுப் பக்கம் திருப்பினாள்.

இந்த முறை ஒரு எண்ணின் எல்லாக் காரணிகளையும் கூட்டினாள். பதினாலுக்கு ஒன்று, இரண்டு, ஏழு, பதினாலு. மொத்தம் இருபத்துநாலு. அடுத்த எண் பதினைந்துக்கு ஒன்று, மூன்று, ஐந்து, பதினைந்து. அதுவும் இருபத்துநாலு! பக்கத்துப் பக்கத்து எண்கள், ஒரே கூட்டுத்தொகை. அந்த மாதிரி அடுத்த ஜோடி எங்கே என்று தேடினாள். இருநூற்று ஆறும் ஏழும். பிறகு வெகுதூரம் தள்ளி தொள்ளாயிரத்து ஐம்பத்தேழும் எட்டும். அப்புறம் ஆயிரத்து முந்நூற்று முப்பத்துநாலும் ஐந்தும். ஆயிரத்து முந்நூற்று ஐம்பது வரைக்கும் கையாலேயே போட்டுப் பார்த்தாள். ஜோடியில் இருக்கும் இரட்டைப்படை எண் எதுவும் நாலால் வகுபடவில்லை. வகுபடவே முடியாது என்று ஒரு நிரூபணமும் எழுதினாள்.

அதோடு இன்னொன்றும் செய்தாள். சென்னையில் ஒரு கல்லூரிக்கு எம்.எஸ்ஸி. விண்ணப்பம் போட்டாள். அப்பா இப்போது நன்றாக நடக்கிறார், ஒரகடத்தில் செக்யூரிட்டி வேலைக்கும் போகிறார். ஆனியில் நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. விருப்பமான தலைப்பில் பத்து நிமிஷம் பேச வேண்டும்.

தேர்வுக்கு முதல் நாள் காலை. நிரூபணத்தைப் பத்தாவது முறை படித்தாள். சரியாகத்தான் இருந்தது... ஆனால் முந்நூற்று எழுபத்தேழும் சரியாகத்தானே இருந்தது? பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஒரே ஆள்தான். கௌரவம் பார்த்தால் ஆகாது. பிளாக்கை எடுத்தாள். நான்கு பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினாள். "நாளைக்கு இன்டர்வியூ. சரியான்னு பாருங்க." வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் மாசானம் ஃபோனைப் பார்த்தான். மூன்று மாதம்! கேன்டீன் மேஜையிலேயே உட்கார்ந்து, தெரிந்த அரைகுறை புரோகிராமிங்கில் நாலு வரி எழுதி ஓட்டினான். அவள் விட்ட இடத்திலிருந்து பதினாலே எண் தள்ளி, விடை வந்து நின்றது.

1364. 1365.

ஆயிரத்து முந்நூற்று அறுபத்துநாலு நாலால் வகுபடும்.

தட்டைத் தள்ளி வைத்தான். நல்லா இருக்குன்னு ஒரு வரி அனுப்பினால் போதும், அவள் சிரிப்பாள், திரும்ப வருவாள். உண்மையைச் சொன்னால்... இரண்டாவது முறை அவள் கண்ணில் அந்தச் சிவப்பை அவனே வரவழைக்க வேண்டும். தேர்வுக்கு முதல் நாள். இனிமேல் அவன் முகத்தில் விழிப்பாளா?

சூப்பர்வைசரிடம் அரை நாள் பர்மிஷன் கேட்டுக்கொண்டு கிளம்பினான்.

*

ஒரகடம் ஜங்ஷனில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய செந்தாமரை, மேம்பாலத்து நிழலில் அவன் நிற்பதைக் கண்டாள். இளைத்திருந்தான். மனசு அவளைக் கேட்காமலே ஒரு குதி குதித்தது.

அவன் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "தப்பு இருக்குங்க" என்றான். "ஆயிரத்து முந்நூத்தி அறுவத்துநாலு, அறுவத்தஞ்சு. ரெண்டுக்கும் கூட்டுத்தொகை ரெண்டாயிரத்து அறுநூத்தி எம்பத்தெட்டு. அறுவத்துநாலு நாலால வகுபடுது."

அவள் முகம் வெளிறியது. "ஃபோன்ல சொல்லியிருக்கலாமே..."

"இந்த மாதிரி விஷயத்த மூஞ்சியப் பாத்துதான் சொல்லணும். போன தடவ நான் அதச் செய்யல." குரல் உடைந்தது. "அன்னைக்கு உங்களப் பாவம்னு நெனக்கலங்க. தொடர் முடிஞ்சிட்டுன்னா நீங்க டீக்கடைக்கு வர மாட்டீங்கன்னு பயந்தேன். அவ்வளவுதான். எனக்காகத்தான் பொய் சொன்னேன். உங்களுக்காக இல்ல."

அவள் பாலத்துத் தூணோரம் இருந்த சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். காரணிகளைப் போட்டாள். ஒன்று, இரண்டு, நாலு, பதினொன்று... பன்னிரண்டு காரணிகள். கூட்டினாள். அடுத்த எண்ணுக்குப் பதினாறு காரணிகள். கூட்டினாள். தலைக்கு மேலே லாரிகள் தடதடத்தன. அவன் அசையாமல் நின்றான்.

திடீரென்று பென்சில் நின்றது.

"பதிமூணு!" என்றாள். "நாலு இருந்தா, ஒண்ணும் ரெண்டும் நாலும் சேந்து கூட்டுத்தொகைக்குள்ள ஒரு ஏழு காரணியா வந்துடும். அந்த ஏழு பக்கத்து எண்ணுக்கு வராதுன்னு எழுதியிருந்தேன். வருது! அதுல பதிமூணு கீது பாருங்க... பதிமூணும் ஒண்ணும் பதினாலு. பதினாலுக்குள்ள ஏழு ஒளிஞ்சிக்கினு கீது! இதைப் போய் விட்டுட்டேனே..."

நிமிர்ந்தவள் கண்ணில் சிவப்பு இல்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக அவன் பார்க்காத அந்தப் பளபளப்பு.

"கோவம் இல்லியா?" என்றான் நம்பாமல்.

"கீது. நிறைய கீது. ஆனா அது இன்டர்வியூ முடிஞ்சப்புறம்."

மறுநாள் மூன்று பேராசிரியர்கள் முன்னால் அவள் பத்து நிமிஷமும் தன் தப்பைத்தான் பேசினாள். நான்கு ஜோடிகளைப் பார்த்து எப்படி ஏமாந்தாள், ஐந்தாவது எங்கே உடைத்தது, ஏழு எங்கே ஒளிந்திருந்தது என்று. நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியை எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, "உடையும்னு உனக்கு யாரும்மா காமிச்சா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவர் ஒருத்தர் மேடம்..." என்றாள். காது சூடாகிவிட்டது.

*

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை மாசானத்துக்கு ஃபோன் வந்தது. "சேரப்பணஞ்சேரி ஸ்டாப்புல பத்து மணிக்கு இருங்க. லேட் பண்ணாதீங்க." காரணம் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியவன் திகைத்துப்போனான். செந்தாமரை நின்றிருந்தாள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில், லேசாகக் கால் சாய்த்து, ஒரு பெரியவர்.

"எங்க அப்பா" என்றாள். துப்பட்டா நுனியைத் திருகினாள்.

ஜெகநாதன் அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "வா தம்பி. சீட்டு கெடச்சிடுச்சி, தெரியுமா? லிஸ்டுல மூணாவது பேரு."

"அப்படியா சார்!" என்றான் மாசானம்.

"அடுத்த மாசம் ஹாஸ்டலுக்குப் போவுது. அது கிடக்கட்டும். இன்னொண்ணு சொல்லிச்சி... நேத்து சோறு துன்னும்போது. உன்னை விரும்புதாம்." அவர் தொண்டையைச் செருமினார். "உனக்கு இது தெரியுமா?"

மாசானம் அவளைப் பார்த்தான். அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"தெரியாது சார்... இப்பதான்..."

"இன்னாடி இது!" என்று ஜெகநாதன் மகளிடம் திரும்பினார். "பையன்கிட்ட சொல்லாமயா எங்கிட்ட வந்து சொன்ன?"

"உன்கிட்ட சொல்றதுதான்பா கஷ்டம். அத முதல்ல முடிச்சிட்டேன்."

பெரியவருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. "உன் ஊரு எங்கியோ கீது, உங்க மனுஷங்க யாரு என்னான்னு எனக்குத் தெரியாது தம்பி. இவ அம்மா நேத்துலேந்து எங்கூட பேசல. ரெண்டு வருசம் இவ படிச்சி முடிக்கட்டும். அதுக்குள்ள உங்க அப்பா அம்மாவ ஒருவாட்டி கூட்டிக்கினு வா. பாக்கலாம்." சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கக் கடையைக் காட்டி, "நான் வெத்தல வாங்கிக்கினு வரேன்" என்று மெதுவாக ரோட்டைக் கடந்தார். தேவைக்கு மேலேயே மெதுவாக.

இரண்டு பேரும் நின்றார்கள். வேப்பமரத்து நிழல் இரண்டு பேர் மேலும் அசைந்தது.

"அன்னிக்கி பாலத்துக்குக் கீழ..." என்றாள் அவள், நிமிராமலே. "நான் திரும்பிப் பாக்கவே மாட்டேன்னு தெரிஞ்சும் வந்து நின்னீங்க இல்ல... அப்பவே. இல்ல, அதுக்கும் முன்னாடியே. எப்பன்னு தெரியல. அப்பா சொன்னது நெஜம்தான்... எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. இப்ப நீங்க சொல்லுங்க. நல்லதா இருந்தாலும் கெட்டதா இருந்தாலும் மறைக்காதீங்க."

அவன் சொல்லப் பார்த்தான். எத்தனையோ நாள் அறைச் சுவரைப் பார்த்து ஒத்திகை பார்த்த வசனங்கள். ஒன்றும் வரவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றான் கடைசியில்.

"எந்த அம்மாகிட்ட?"

"எங்கம்மாகிட்ட. ஊருல. தைப் பொங்கலுக்குப் போனப்பவே. இந்த மாதிரி ஒரு பொண்ணு, பேரு செந்தாமரை... கட்டுனா அவளத்தான் கட்டுவேன்னு. அதுகிட்ட சொல்லிட்டியாலேன்னு கேட்டா. இன்னும் இல்லன்னேன். ஏசுனா பாருங்க... அப்படி ஏசுனா."

செந்தாமரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள்... அழுதுகொண்டே, அப்பா இன்னும் முதுகைக் காட்டித்தான் நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.